காதுமடல் ரத்தம்

முனியாண்டி குடிகாரன் என்று எஸ்டேட் முடிவு கட்டிப் பத்து நாளாகிறது. தேயிலைக்குப் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தவன் நட்டநடு மலையில் தள்ளாடி விழுந்தான். வாயில் எச்சில் ஒழுகியது, பேச்சு குழறியது. சம்சு சாராயம் போட்டிருக்கிறான் என்று சொல்லி, கங்காணி காளியண்ணன் அன்றைக்கே பேரை வெட்டிவிட்டார். மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ண வேண்டுமாம். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனுஷன் அவன்! அது அவன் பெண்டாட்டி இராசம்மாவுக்குத் தெரியும். அவளும் மருந்தடிக்கிறவள்தான். பொழுது சாய்ந்தால் கண் மங்குவதும் கை நடுங்குவதும் அவளுக்கும் உண்டு. அவள் எந்தச் சம்சுவைக் குடித்தாள்?

அது எழுபத்தொன்பதாம் வருஷம். மருந்தடிப்பவர்களின் ரத்தத்தைச் சோதிக்கக் கோலாலம்பூரிலிருந்து ஜெயா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் கொட்டகையில் மேசை போட்டுக் கண்ணாடிக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தாள்.

காளியண்ணன் லேசுப்பட்ட ஆளா? மருந்தின் கேடு வெளியே தெரியக் கூடாதென்று, மருந்தடிக்கிற ஆறு பேரையும் விடியும்போதே கடைசி மலைக்கு விரட்டிவிட்டு, கொழுந்து பறிக்கிற பெண்களை அவர்கள் பேரில் வரிசையில் நிறுத்திவிட்டார். அதில் மாரியம்மா என்பவள் இராசம்மாவாக நிற்க வேண்டும். அவளுக்கு மனசு கேட்கவில்லை. முந்தின நாளே குழாயடியில் விஷயத்தை இராசம்மா காதில் போட்டுவிட்டாள்.

முதுகில் தோம்பு என்கிற மருந்து டப்பா தொங்க, இராசம்மா மலையிலிருந்து நேராகக் கொட்டகைக்குள் வந்து நின்றாள்.

"இராசம்மா நாந்தான். என் ரத்தத்த எடுங்க டாக்டரம்மா."

மாரியம்மா சத்தமில்லாமல் வரிசையை விட்டு நழுவினாள். ஜெயா கங்காணியை ஒரு பார்வை பார்த்தாள். அதுவரை எடுத்த ஐந்து குழாய்களும் பளிச்சென்று மஞ்சளாகியிருந்தன. அவை மருந்தடிக்காதவர்களின் ரத்தம் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"நம்ம ரத்தத்துல ஒரு நொதி இருக்குக்கா. நரம்புல ஓடுற சேதிய வேலை முடிஞ்சதும் துடைக்கிறது அதுதான். அது நல்லா இருந்தா இந்த நீலத் தண்ணி அரைமணி நேரத்துல மஞ்சளாயிடும். மருந்து அதைக் கட்டிப்போட்டுட்டா ஆளு குடிச்ச மாதிரி தள்ளாடும், நீலமும் நீலமாவே இருக்கும்," என்றாள் ஜெயா.

விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நீலத் தண்ணீரில் விட்டாள். அரைமணி நேரம் போயிற்று. நீலம் அசையவில்லை.

காளியண்ணன் சிரித்தார். "கையெல்லாம் மருந்தோட வந்து நிக்கிறாளே. அப்புறம் எப்படி மாறும்?"

"அவர் சொல்றது சரிதான்க்கா. விரல்ல ஒட்டுன மருந்தே போதும், குழாயைக் கெடுத்துரும். அவசரத்துல நானும் கவனிக்கல. இது செல்லாது."

இராசம்மாவுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. விடுவிடுவென்று குழாயடிக்குப் போய் மூன்று தரம் சோப்புப் போட்டுக் குளித்தாள், வேறு கைலி கட்டிக்கொண்டாள், ஈரத் தலையோடு திரும்பி வந்து காதுத் தோட்டைத் திருகிக் கழற்றினாள்.

"கை வேணாம். காதுல குத்துங்க."

காது ரத்தமும் மாறவில்லை.

"அவ பொறப்புலயே அப்படி இருக்கும்," என்றார் காளியண்ணன்.

"நொதி கம்மியாப் பொறக்குறவங்களும் உண்டு. ஒரே ஆளை வெச்சு நான் எதையும் எழுத முடியாதுக்கா," என்றாள் ஜெயா. பொய் சொல்லத் தெரியாத பெண் அவள்.

"அப்ப எல்லாரையும் கூப்புடுறேன்."

இராசம்மா போட்ட சத்தத்தில் கடைசி மலையே திரும்பிப் பார்த்தது. மற்ற ஐந்து பேரும் இறங்கி வந்தார்கள். லயத்திலிருந்து முனியாண்டியும் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான்.

"வரிசையில நிக்கிறவனுக்கு நாளைக்கு வேல கெடையாது!" என்று காளியண்ணன் கத்தினார்.

"சரி கங்காணி, நாளைக்குத் தோம்ப நீங்க தூக்குங்க. மூணு மாசம் தூக்கிட்டு வந்து எங்க பக்கத்துல காதக் காட்டுங்க," என்றாள் இராசம்மா.

ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்துவிட்டு வந்தார்கள். முனியாண்டி முறை வந்ததும் காளியண்ணன் மறுபடி குறுக்கே வந்தார். "இவன் எங்க ஆளே இல்ல. பேர வெட்டிப் பத்து நாளாச்சு."

"இவர் ரத்தம்தான் எனக்கு முக்கியம். மருந்து கட்டிப்போட்ட நொதி பத்து நாள்ல முழுசாத் தேறாது," என்று ஜெயா ஊசியை எடுத்தாள்.

மூன்று குழாய்கள் பாதி மாறிப் பச்சையில் நின்றன. மற்றவை நீலத்திலேயே இருந்தன. எல்லாவற்றிலும் அழுத்தமான நீலம் முனியாண்டியுடையது.

"அன்னிக்கு அவன் குடிக்கலன்னு இந்தக் குழா சொல்லுமா?" காளியண்ணன் கடைசியாகக் கேட்டார்.

"சாராயத்தப் பத்தி இதுக்குத் தெரியாது," என்றாள் ஜெயா.

"மருந்து தெரியுதுல்ல? அது போதும்," என்றாள் இராசம்மா. "இத எழுதிக் குடுங்க டாக்டரம்மா."

"கோலாலம்பூர் போய் ரெண்டு மாசத்துல அறிக்கை வரும்க்கா."

"வீட்ட மாசக் கடைசில கேக்குறாங்க."

ஜெயா முனியாண்டியின் குழாயில் பேரெழுதி ஒட்டி, இராசம்மா கையிலேயே கொடுத்துவிட்டாள்.

ஆபீசுக்குள் கூலியாட்கள் செருப்போடு போகக் கூடாது. இராசம்மா செருப்போடுதான் போனாள். பின்னால் ஆறு பேரும் வந்தார்கள். மேனேஜர் துரை நிமிர்வதற்குள் குழாயை அவர் மேசைமேல் நட்டு வைத்தாள்.

"இது எம்புருஷன் ரத்தம் துரை. இத மஞ்சளாக்கிக் காட்டுங்க. அப்புறம் வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்க."