மெர்சி நிச்சயத்துக்குக் கரைவலை இழுத்த கதை

வடக்குப்பட்டு கண்ணப்பன் ஆகிய நான், வயது எழுபத்திரண்டு, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. கை கொஞ்சம் எரிகிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அச்சடிப்பவர் பொறுத்துக்கொள்ளவும்.

என் வீட்டு மாடியில் நான்கு அறைகள். நான்கிலும் தென்காசிப் பக்கத்துப் பையன்கள், மொத்தம் பதினைந்து பேர். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. அவர்களோடு அதே லைனில் நிற்கும் மெர்சி என்ற பெண்ணுக்குத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அவள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களெல்லாம் வேன் பிடித்துப் போய் அங்கிருக்கும் அமைதியைக் கெடுப்பீர்கள்.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. நண்டு வளைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்கும். பையன்களோடு நானும் போன வேன் நின்றதும் ஒரு நாய் எழுந்து குரைக்க வாயைத் திறந்தது. ஊரை ஒருமுறை பார்த்தது. திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டு படுத்துவிட்டது. பையன்கள் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ஒரு வேலையும் இல்லாமல் நின்றார்கள். அவர்கள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது.

மெர்சியின் அப்பா மட்டும் படகு நிழலில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாபா, பொண்ணு நிச்சயம் வெச்சிக்கினு மொகம் இப்டி கீது?" என்று கேட்டேன்.

"மூணு நாளா வலையில வெறும் பாசிதான் பெரியவரே. மாப்ள வூட்டு மாமா, மீன்காரன் வூட்டு இலையில மீன் இல்லன்னா தட்டு மாத்த வுடமாட்டேன்னு சொல்லிக்கினு கீறாரு. ஒரு மணிக்கு வந்துருவாங்க."

"கடையில வாங்கிடேன்."

"நான் மீன் வாங்குனா ஊரு எதால சிரிக்கும்னு தெரியுமா?"

மிச்சமிருந்த வழி கரைவலை. படகு கடலுக்குள் போய் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு வரும்; இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுக்க வேண்டும். ஆனால் ஊர் ஆம்பளைகளெல்லாம் பந்தல் சாமானுக்கும் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரவும் போய்விட்டார்கள்.

"நாங்க எதுக்கு இருக்கோம் அண்ணாச்சி?" என்றான் இசக்கிபாண்டி. அவன்தான் லைன் லீடர். "ஏலே, ஆளுக்கொரு ஸ்டேஷனாப் பிரிங்கலே."

மெர்சியின் அப்பா தானே படகில் போய் வலையைப் போட்டுவிட்டு வந்தார். இடது கயிற்றில் ஏழு பேர், வலது கயிற்றில் ஏழு பேர். குவாலிட்டி பார்க்கிற வேல்ராஜ் மட்டும் முழங்கால் தண்ணீரில், வலை வந்து சேரும் இடத்தில் நின்றான். மீனவர்கள் பாட்டுக்கு இழுப்பார்கள். இவர்கள் கணக்குக்கு இழுத்தார்கள், பத்து நொடிக்கு ஓர் இழுப்பு. அந்த இழுப்பில் வலையோடு சேர்ந்து கடலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் வந்தது. தொடுவானத்தில் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று பேச்சுக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மேல்தட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இது எந்த ஊருங்க?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

வலை முக்கால்வாசி வந்தாயிற்று. உள்ளே வெள்ளி வெள்ளியாகத் துள்ளுகிறது. மெர்சியின் அப்பா சிரிக்கத் தொடங்கினார். அப்போதுதான் பக்கத்துக் குப்பத்து ஐஸ் ஃபேக்டரியில் பதினோரு மணிச் சங்கு ஊதியது.

பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வரிசையாக டீக்கடையைப் பார்த்து நடந்தார்கள்.

வலை கடலுக்குத் திரும்பத் தொடங்கியது. மெர்சியின் அப்பா ஒற்றை ஆளாகக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். கயிறு அவரையும் இழுத்துக்கொண்டு போனது.

"எங்கடா போறீங்க?" என்று தண்ணீரிலிருந்தே கத்தினார்.

"பிரேக்கு பத்து நிமிசம்தான் மாமா, வந்துருதோம்," என்றான் அவர்களில் ஒருவனான தளவாய்.

"ஏம்பா, கடலு டீ குடிக்குமாடா?"

வீட்டுக்குள் மெர்சியும் அதே சங்குக்குப் பவுடர் டப்பாவைக் கீழே வைத்திருந்தாள். பாதி முகம் வெள்ளை, பாதி முகம் அவள் முகம். ஜன்னல் வழியே அப்பா தண்ணீருக்குள் போவதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சூப்பர்வைசர் குரல் அவளுக்கு அத்துப்படி. அதே கட்டைக் குரலில், "லைனை நிறுத்துனது யாரு? பேரு சொல்லு," என்றாள்.

பதினான்கு பேரும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தார்கள். டீக்கடைக்காரரும் ஓடிவந்து பிடித்தார். அவர் கம்பெனியில் வேலை பார்த்ததே இல்லை.

இத்தனை நேரம் மீன்கள் ஏன் தப்பிக்கவில்லை என்று கேட்பீர்கள். அவையும் சங்குச் சத்தம் கேட்டு ஓய்வில் இருந்தன. ஐஸ் ஃபேக்டரி பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மீன்கள், வேறெப்படி இருக்கும்?

வேல்ராஜ் ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் பார்த்தான். சில மீன்களைக் கடலுக்கே திருப்பி வீசினான்.

"யப்பா, வவ்வால் மீனைப் போயி தூக்கி வீசுறியே," என்று அலறினார் மெர்சியின் அப்பா.

"தட்டையா இருக்கு மாமா. அமுங்கிப்போன பீஸு, பாஸ் பண்ண முடியாது."

அப்படிக் கழித்துக் கட்டியும் இரண்டு மாட்டு வண்டி மீன் மிஞ்சியது. கடைசியாக வந்த வஞ்சிரம் எங்கள் வேனைவிட ஒரு சாண் நீளம். அதற்கு மட்டும் வேல்ராஜ் வலையிலிருந்து கைகொடுத்து இறக்கிவிட்டான்.

ஒரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாமா இலையில் உட்கார்ந்து குழம்பு, வறுவல், புட்டு என்று வரிசையாக வாங்கி, நாலாவது துண்டில் சட்டைக் கையை முழங்கை வரை மடித்தார். ஏழாவது துண்டில் கண் கலங்கினார். "தட்டை எடுத்தாங்கப்பா, மாத்திரலாம்," என்று அவரே குரல் கொடுத்தார். மெர்சி இரண்டு பக்கமும் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். தட்டு மாறியது. மெர்சியின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்துச் சிரித்தார். பையன்கள் மறுபடியும் தண்ணீரில் போய் நின்றார்கள்.

கற்பூரம் சுட்ட கை இன்னும் எரிகிறது, அதனால் ஒரே ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: அன்று பந்தியில் போட்டது வெஜிடபிள் பிரியாணி.