இரண்டு பூட்டு போட்ட அறை

மகள் வங்கி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கைப்பேசி அடித்தது. பேசியவர் வாடகைக் கிடங்கின் மேலாளர். வீட்டில் இடம் இல்லாதவர்கள் மாத வாடகைக்குச் சாமான் போட்டு வைக்கும் இடம் அது. ஆளுக்கு ஓர் அறை, அறைக்கு ஓர் இரும்பு ஷட்டர். பூட்டு மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

"மேடம், நேத்து பெஞ்ச மழையில உங்க ரூமுக்குப் பின்சுவர் ஊறிப்போச்சு. மத்தவங்கல்லாம் வந்து தொறந்து பாத்துட்டாங்க. நீங்களும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"எங்கிட்ட ஒரு சாவிதான் இருக்கு. இன்னொண்ணு என் தம்பிகிட்ட."

"அப்ப ரெண்டு பேரும் வாங்க."

"அவனாவது, வர்றதாவது!"

ஹாலில் கையாலேயே துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த அம்மா ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "மெஷின் நனைஞ்சிருக்குமா?"

"உனக்கு எப்பவும் மெஷின்தான்" என்று சொல்லிவிட்டு மகள் செருப்பை மாட்டினாள்.

அம்மா தையற்காரி. கை எலும்பு முறிந்து மகள் வீட்டுக்கு வந்தபோது, குடியிருந்த வீட்டைக் காலி செய்தார்கள். எது யாருக்கு என்று அக்காவும் தம்பியும் அன்றே மோதிக்கொண்டார்கள். பெரிய சண்டை தையல் மெஷினுக்கு. வாங்கிக் கொடுத்தவன் தம்பி. பிறகு மோட்டார் மாற்றிக் கொடுத்தவள் அக்கா. முடிவு வராமல் எல்லாச் சாமானும் கிடங்குக்குப் போனது. ஷட்டரில் தம்பி ஒரு பூட்டைப் போட, பக்கத்திலேயே அக்காவும் ஒன்றைப் போட்டாள். அதிலும் நிம்மதி இல்லை. ஈரத்துணியால் துடைத்த மெஷினைக் காயவிடாமல் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, டேப் ஒட்டி, டேப்பின் மேல் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் பிரித்தால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். "சுவத்துல ஒட்டி வைக்காதீங்க, காத்து போகட்டும்" என்று அம்மா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவளுக்கு ஒரு சாவி கொடுக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை.

இப்போது கை தேறிவிட்டது. துணிக்கடை ஒன்றில் ஓரமாக உட்கார்ந்து தைக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பள்ளிகள் திறப்பதற்குள் மெஷினோடு வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மகள் வீட்டில் ஃபேன் போடுவதற்கும் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த ஓரம் ஒரு வீடு மாதிரி.

அன்று மாலை அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். அவன் கார் ஷோரூமில் விற்பனையாளன்.

"சனிக்கிழமை வா, தொறந்து பாக்கலாம்."

"சனிக்கிழமைதான் எனக்கு யாவாரமே. சாவியை அனுப்பிவிடு, நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ. ராத்திரியோட ராத்திரியா வண்டி வச்சு ஏத்திடுவ. கார் விக்கிற வாய்தானே!"

"நீ மட்டும் என்ன? பேங்குல அடுத்தவன் லாக்கரைக் காவல் காக்கிற, சொந்தத் தம்பியைத் திருடன்ங்கிற."

போன் துண்டிக்கப்பட்டது.

மேலாளர் மறுபடியும் அழைத்தார். அறைக்குள்ளிருந்து வாடை வருகிறது என்றார். அக்கா, தம்பியைக் கேளுங்கள் என்றாள். தம்பி, அக்காவைக் கேளுங்கள் என்றான். "உங்க பஞ்சாயத்து முடியற வரைக்கும் தண்ணி காத்திருக்குமா சார்?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார். மழைக்காலம் முடிந்து கோடையும் போனது. வாடகை மட்டும் தவறாமல் போனது; அதில் இருவருமே கெட்டி.

பள்ளி திறக்கும் வாரம் வந்தது. அம்மா யாரிடமும் சொல்லாமல் கிடங்குக்குப் போனாள். மேலாளரின் போனிலிருந்தே இருவரையும் கூப்பிட்டாள்.

"ரெண்டு பூட்டையும் அறுக்கச் சொல்லப்போறேன்."

சொல்லி வைத்தாற்போல் இருவரும் ஓடி வந்தார்கள். அம்மாவுக்காக அல்ல, பூட்டுக்காக.

"முதல்ல நீ தொற."

"ஏன், நீ தொறந்தா கை தேஞ்சிடுமா?"

ஷட்டர் கிறீச்சிட்டு ஏறியது. புழுக்க நாற்றம் முகத்தில் அடித்தது. மெத்தையில் கறுப்புப் பூஞ்சை. மர அலமாரியின் அடிப்பலகை ஊறிப் பிளந்திருந்தது. மெஷினைச் சுற்றிய தாளின் உட்புறம் வியர்த்ததுபோல் நீர்த்துளிகள். டேப் பிரியவில்லை. இரண்டு கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன.

அம்மா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து டேப்பை வெட்டினாள். இருவரும் தடுக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். துருதான் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா? அன்னிக்கே சாவியைக் குடுத்திருந்தா..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"பிளாஸ்டிக் சுத்தணும்னு அடம் பிடிச்சது யாரு?"

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை. அடுத்த அறையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவின் கண் கலங்கியது. சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். தம்பியும் தயங்கித் தயங்கித் தன் சாவியை நீட்டினான். அம்மா இரண்டையும் வாங்கவில்லை.

"இப்ப எதுக்கு? துருவைப் பூட்டி வைக்கவா?" என்றாள். "பூட்டு திருடனைத்தான்டா தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. ஒரு பொருளைக் காப்பாத்தணும்னா அடிக்கடி தொறந்து பாக்கணும், காத்து விடணும், வேணுங்கிறவங்க கையில குடுக்கணும். நீங்க ஒருத்தரை ஒருத்தர் காவல் காத்தீங்களே தவிர, என் பொருளைக் காக்கல. இதுக்கு நிஜத் திருடன் வந்து தூக்கிட்டுப் போயிருக்கலாம். மெஷின் எங்கயாவது ஓடிக்கிட்டாவது இருந்திருக்கும்."