ஒரு சாண் தள்ளி நின்ற பில்லர்

போட்டோவில் இருந்த அந்தப் பில்லர் சம்ரீனுக்குச் சரியாகப் படவில்லை.

புத்தூரில் பழைய ஆஸ்பத்திரியை ஒட்டிப் புதிதாக ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ப்ராஜெக்ட் தலைவர் பீமராவுக்குக் கீழே சைட் இன்ஜினியராக இருந்த ரெஜிஸ் தினமும் போட்டோ அனுப்புவான். அன்றைக்கு வந்ததில், லிப்ட் குழிக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்துப் பில்லர் ஒன்று நின்றது. அதற்கு மேலே முதல் மாடித் தளத்துக்கான சென்ட்ரிங் பலகைகள். மறுநாள் காலையில் கான்கிரீட் போடப் போகிறார்கள். பில்லருக்கும் லிப்ட் சுவருக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்க வேண்டும். போட்டோவிலோ, ஒரு கைவண்டியை நிறுத்தியதிலேயே இடம் அடைத்துப்போயிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டு மாடி ஒன்றில் இருந்தது சம்ரீனின் ஆபீஸ். ஒரு கட்டிடத்தைத் தரையில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. சுவர், பில்லர், தண்ணீர்க் குழாய், ஏசி காற்று போகும் டக்ட் எல்லாவற்றையும் ஒரே மாடலில் சேர்த்து, எது எதன் மேல் இடிக்கிறது என்று கண்டுபிடிப்பாள். தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் இப்படி எத்தனையோ கட்டிடங்கள் செய்து கொடுத்திருக்கிறாள். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய முதல் கட்டிடம் இதுதான். ஆனாலும் இதுவரை போனதில்லை.

மாடலில் அந்த இடத்தை அவள் நன்றாக அறிவாள். முதல் மாடியில் லிப்டை விட்டு வெளியே வரும் நோயாளியின் கட்டில், கீழிருந்து மேலே தொடரும் அதே பில்லரைச் சுற்றித் திரும்பித்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக வேண்டும். கட்டிலை மாடலில் ஓட்டிப் பார்த்தபோது நாலு விரல் இடம்தான் மிச்சம் இருந்தது.

ரெஜிஸுக்கு ஃபோன் போட்டாள்.

"அது கேமரா கோணம் மேடம். பக்கத்துல நின்னு எடுத்தது, அப்படித் தெரியும்."

"டேப் வெச்சு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்."

மிக்சர் ஓடும் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிடவில்லை.

மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்துவிட்டு சம்ரீன் கிளம்பினாள். மகள் அஃப்ஷீனை ஸ்கூலிலிருந்து கூட்டி வரச் சொல்லிக் கணவன் அர்ஹமுக்குத் தகவல் அனுப்பினாள். காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து புத்தூர் போய்ச் சேர்ந்தாள்.

அவளைக் கண்டதும் ரெஜிஸ் முகம் வெளுத்தது. முப்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் சிமெண்ட். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அளந்தார்கள். பில்லர் ஒரு சாண் லிப்ட் பக்கமாகத் தள்ளி நின்றது.

"எப்ப ஆச்சு ரெஜிஸ்?"

"குழி தோண்டுறப்பவே மேடம். பழைய பில்டிங்கோட அஸ்திவாரம் இந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. யாருக்கும் தெரியாது, எந்தப் படத்துலயும் இல்ல. மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு, கான்கிரீட் லாரி வாசல்ல நிக்குது. பீமராவ் சாருக்கு ஃபோன் அடிச்சேன், எடுக்கல. பில்லரை இந்தப் பக்கமாத் தள்ளிப் போட்டுட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சு. அதுக்கப்புறம் சொன்னா, ஏன் இத்தனை நாள் சொல்லலன்னு கேப்பாங்கள்ல." டேப்பைச் சுருட்டியபடியே தணிந்த குரலில் சேர்த்தான். "உங்க மெயில் வந்தாலே பயம்தான் மேடம். சிவப்புல வட்டம் போட்டு, எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பிடுவீங்க. முதலாளி வரைக்கும் போகும். பதில் எழுதறதுக்குள்ள எனக்கு நாலு ஃபோன் வந்துடும்."

சம்ரீனுக்குச் சுருக்கென்றது. அந்தச் சிவப்பு வட்டங்களை எவ்வளவு பெருமையாக வரைந்திருக்கிறாள்! அவளைப் பொறுத்தவரை அவை வெறும் பிழைகள். அந்த ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு ஆள் நின்றிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நாளைக்குக் கான்கிரீட் போட முடியாது" என்றாள். "போட்டுட்டா குழாய்க்கு விட்ட ஓட்டையெல்லாம் அந்தந்த இடத்துல நின்னுடும், அப்புறம் எதையும் மாத்த முடியாது. பீமராவ் சார்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

ரெஜிஸ் ஃபோனை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்து நடந்ததைச் சொன்னான். பீமராவின் குரல் ஸ்பீக்கர் போடாமலே சம்ரீனுக்குக் கேட்டது.

"ஏம்ப்பா, தள்ளினது தப்புன்னு சொல்லல. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? மேல பில்டிங் நிக்கணுமா வேணாமா?"

"தப்புதான் சார்."

சம்ரீன் கை நீட்டி ஃபோனை வாங்கினாள். "சார், வேற வழி இருக்கான்னு நான் பார்க்கறேன். டிசைன் பண்ணின இன்ஜினியர் பில்லரோட பலத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஸ்லாப் கான்கிரீட் வேண்டாம்."

மறுநாள் முழுக்க அந்த வேலைதான் நடந்தது. ரெஜிஸ் ஒவ்வொரு பில்லராக அளந்து ஃபோனில் சொல்லச் சொல்ல, சம்ரீன் மாடலைத் திருத்தினாள். மற்ற பில்லர்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. இந்த ஒன்றை உள்ளபடி மாற்றியதும், கட்டில் திருப்பத்தில் இடித்து நின்றது. லிப்டை நகர்த்த முடியாது. தியேட்டர் வாசலையும் பக்கத்து ஸ்டோர் ரூம் வாசலையும் இடம் மாற்றிப் பார்த்தாள். கட்டில் தாராளமாகத் திரும்பியது. ஆனால் ஆக்சிஜன் குழாய் டக்டில் முட்டியது. டக்டை உயர்த்தினால் பீமில் முட்டியது.

"மேடம், குழாயை ஸ்டோர் ரூம் சுவரோரமா இறக்கினா என்ன? அங்க பீம் கிடையாதே" என்றான் ரெஜிஸ்.

இறக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் இடிக்கவில்லை. "ரெஜிஸ், சரியா வருது!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அஸ்திவாரம் உறுதியாகவே இருக்கிறது, ஒரு பீமில் மட்டும் கூடுதல் கம்பி கட்ட வேண்டும் என்று டிசைன் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தார். தியேட்டர் டாக்டர்கள் புது வாசலுக்குச் சம்மதித்தார்கள். தளம் அடுத்த வாரம் போடப்பட்டது.

ரெஜிஸ் தண்டனை இல்லாமல் தப்பவில்லை. தஞ்சாவூரில் தொடங்கவிருந்த பெரிய வேலைக்கு அவன் பெயரைச் சொல்லியிருந்தார்கள். பீமராவ் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். சம்ரீன் நேரில் போய்ப் பேசிப் பார்த்தாள்.

"நல்ல பையன்தாம்மா, எனக்கும் தெரியும்" என்றார் அவர். "இந்த வேலையை ஒழுங்கா முடிக்கட்டும். அடுத்தது பார்ப்போம்."

அதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை. ரெஜிஸிடம் சொன்னபோது, "வேலை போயிடும்னு நினைச்சேன் மேடம், இது பரவாயில்ல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதற்குப்பின் சம்ரீன் எந்த மெயிலையும் முதலில் எல்லாருக்கும் அனுப்புவதில்லை. சம்பந்தப்பட்ட ஆளுக்கு ஃபோன் பண்ணிப் பேசிவிட்டுத்தான் எழுதுவாள். வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி சைட்டுக்கும் போய்விட்டு வருவாள்.

இரண்டாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, அவள் ஆபீஸ் படியேறும்போதே ரெஜிஸ் கூப்பிட்டான்.

"மேடம், படிக்கட்டுப் பக்கத்துப் பில்லர் ஒண்ணு ஒரு விரக்கடை தள்ளிப்போயிருக்கு. கான்கிரீட் ஊத்துற பலகைப் பொட்டி இளகிடுச்சு. இப்பதான் பார்த்தேன்."

"பீமராவ் சாருக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் மேடம், அவர்கிட்டத் திட்டு வாங்கிட்டுத்தான் உங்களைக் கூப்பிடறேன்."

சம்ரீன் பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து மாடலைத் திறந்தாள். "சரி, அளவைச் சொல்லுங்க" என்றாள்.