இரண்டாம் மாடி

தலைமை நர்ஸ் காகிதத்தை வெர்லீனின் மடியில் வைத்து, பேனாவின் மூடியையும் தானே கழற்றிக் கொடுத்தாள்.

"கீழ பழைய வார்டுக்கே போறேன்னு உங்கம்மா கேட்ட மாதிரி எழுதியிருக்கு. நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். அங்க உங்க ஆளுங்க இருக்காங்க. அவளுக்கும் நிம்மதி."

அது 1966. போன மாதம்வரை அந்த மிசிசிப்பி ஊர் ஆஸ்பத்திரியில் கறுப்பர்களுக்கு அடித்தளத்தில்தான் இடம், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில். அப்புறம் வாஷிங்டனிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முதியோர் வைத்தியத்துக்கு அரசாங்கம் தரும் பணம் வேண்டுமானால் எல்லாரையும் ஒரே வார்டில் படுக்கவையுங்கள், இல்லையென்றால் ஒரு டாலர்கூடக் கிடையாது என்றார்கள். ஜனாதிபதியின் முடிவு அது. எத்தனையோ வருஷம் நகராத கட்டில்கள் நாலே நாளில் நகர்ந்தன.

வெர்லீன் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் இன்னும் வெங்காய வாடை. பள்ளி நிர்வாகக் குழுத் தலைவரின் தம்பிதான் இங்கே பெரிய டாக்டர்; அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலை போய்விடும். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்கார அம்மாளின் மகன் வேறு தன் அம்மா பக்கத்தில் கறுப்பர் படுப்பதா என்று நேற்று வராந்தாவில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தான். அம்மா சாகக் கிடக்கிறாள். இந்த நேரத்தில் எதற்கு வம்பு?

"என்னடி பேப்பரு அது?" கட்டிலில் கிடந்த அம்மா ஒடெஸா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"கீழ போறியான்னு கேக்குறாங்கம்மா."

ஒடெஸா விரிப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். கால்கள் வீங்கி, மூச்சு தொண்டையிலேயே நின்று நின்று வந்தது.

"இருபத்திரெண்டு வருஷம் இந்த மாடி விரிப்பைத் துவைச்சேன். இப்பத்தான் அதுல படுத்திருக்கேன். விரிப்புக்குக் கஞ்சி பத்தல, அதச் சொல்லு." கொஞ்சம் இளைப்பாறினாள். "இவங்க காதைத் திருக அந்த ஜனாதிபதி எவ்வளவு பாடுபட்டிருப்பாரு. நாம பாட்டுக்கு எந்திரிச்சுக் கீழ போனா அந்த மனுஷன் என்ன நெனப்பாரு?"

வெர்லீன் பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கம்மா கேக்கல மேடம். கேட்டாங்கன்னு நான் எப்படி எழுதறது?" என்றாள். "வந்த அதிகாரிங்க, ஏதாவதுன்னா கூப்பிடச் சொல்லி எங்க சர்ச்சுலயும் போன் நம்பர் குடுத்துட்டுத்தான் போனாங்க."

நர்ஸ் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு கட்டில்களுக்கு நடுவில் தொங்கிய திரைக்கு அந்தப் பக்கமிருந்து, மூன்று நாளாக வாயே திறக்காத அந்த வெள்ளைக்கார அம்மாள் சொன்னாள்:

"அவங்க சொல்றது நெசம்தான். கஞ்சி பத்தல."

ஒடெஸாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலானது. வெர்லீன் அம்மாவின் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

மத்தியானம் மகள் கால் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஒடெஸா போய்விட்டாள். சத்தமில்லை. ஒரு மூச்சு வந்தது, அடுத்தது வரவில்லை. வெர்லீன் இன்னும் கொஞ்ச நேரம் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். "போயிட்டாங்க," என்றாள். காலையில் 'அவளுக்கும்' என்று ஒருமையில் பேசிய வாயில் இப்போது மரியாதை வந்திருந்தது. அது நினைத்துச் சொன்னதா, வாய்தவறியதா, வெர்லீன் யோசிக்கவில்லை.

சவ அடக்கக்காரர்கள் உடலை எடுத்துக்கொண்டு போனபின், அம்மாவின் செருப்பு விட்டுப்போனது நினைவுக்கு வந்து வெர்லீன் மறுபடி மாடி ஏறினாள்.

கட்டிலில் அதற்குள் புது விரிப்பு. அதன் விளிம்பில், சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல், வெர்லீனுக்குத் தெரியாத ஒரு கறுப்பினக் கிழவி பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தாள். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஏம்மா, இதுல படுக்கலாமா? யாரும் எழுப்ப மாட்டாங்களே?"

வெர்லீன் குனிந்து கட்டிலடியில் கிடந்த செருப்பை எடுத்தாள்.

"எழுப்ப மாட்டாங்க. நல்லா காலை நீட்டிப் படுங்கம்மா," என்றாள். "வெயில் கண்ணுல அடிக்குதா? இருங்க."

ஜன்னலருகே போய்த் திரையைப் பாதி இழுத்துவிட்டாள்.