கட்டைவிரல் நாடி

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வேலைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வருகிறார்கள் என்றதும், நர்சுகள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினார்கள். எலும்பு முறிவு வார்டு சிஸ்டர் மட்டும் தானாகவே முன்வந்தார். சேவை மனப்பான்மையெல்லாம் ஒன்றுமில்லை. வருகிற கூட்டத்தில் அவருடைய பெண்ணும் ஒருத்தி. பள்ளி முடித்ததும் நர்சிங்தான் என்று ஒற்றைக்காலில் நிற்பவள். அந்த ஆசையை ஒரே நாளில் விரட்டிவிட வேண்டும் என்பதுதான் திட்டம்.

"வார்டுக்குள்ள நான் அம்மா இல்ல, சிஸ்டர். புரியுதா?" என்று வாசலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

பெட்பேன் கழுவும் இடத்தையும் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதையும் முதலில் காட்டினார். இரண்டு பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். பெண் அசையவில்லை. பிடிவாதத்தில் அப்படியே அப்பனை உரித்து வைத்தவள்! சரி, கடைசி அஸ்திரம் என்று, கால் ஒடிந்து படுத்திருந்த பஸ் டிரைவரிடம் அவளை அனுப்பினார். தொட்டதற்கெல்லாம் குறை சொல்லும் மனுஷன்.

"இவருக்கு பல்ஸ் பாரு."

பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். முகம் வெளுத்தது. "சிஸ்டர்... நூத்தி முப்பது!"

"நூத்தி முப்பதா? என் பஸ்ஸே அந்த வேகத்துல போனதில்லையே! என் பொண்டாட்டிய வரச்சொல்லுங்க!" என்று டிரைவர் அலறினார்.

சிஸ்டர் ஓடி வந்து பார்த்தார். பெண்ணின் கட்டைவிரல் அவர் மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலிலும் நாடி துடிக்கும். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்புதான். இவ்வளவு நேரம் அவள் எண்ணியது தன் சொந்த நாடியை.

இதற்காகத்தானே காத்திருந்தார்? 'பார்த்தியா, உனக்கு இது ஒத்து வராது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரவில்லை. வீட்டில் அப்படி வாயாடுகிறவளுக்குள் இவ்வளவு பயமா! கட்டைவிரலை விலக்கி, மூன்று விரல்களை எடுத்து வைத்தார்.

"இப்ப எண்ணு."

"எழுபத்தாறு."

"அப்ப அந்த நூத்தி முப்பது யாரோடது?" என்றார் டிரைவர்.

"என்னோடதுதான், அங்கிள்."

"அப்ப நீ படும்மா, நான் எந்திரிக்கிறேன்." வார்டே சிரித்தது.

மாலையில் மற்ற பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது, அம்மா மகளைத் தனியே இழுத்தார். "இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

பெண் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள், மூன்று விரலால். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிதானமாக எண்ணினாள்.

"நூத்திப் பத்து. மொத்த வார்டையும் கட்டி மேய்க்கிற உனக்கு எதுக்கும்மா இந்தப் படபடப்பு?"

"நீயும் என்னை மாதிரி, வீட்டுக்கு வந்து பெத்த பிள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசக்கூடத் தெம்பில்லாம படுத்துடுவியோன்னுதான்."

"தினம் நீ உன் பேச்சையெல்லாம் எங்க செலவழிச்சுட்டு வர்றேன்னு பார்க்கத்தாம்மா நானும் வந்தேன்."

"பார்த்தாச்சுல்ல. ஆசை போச்சா?"

"போகலியே."

வேன் ஹாரன் அடித்தது. பெண் விரல்களை எடுக்கவில்லை. அம்மாவும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.