அறுபதாயிரம் ரூபாய் நற்பெயர்

1

இந்தக் கதை 1953இல், ராயபுரம் ரயில் நிலைய வாசலில், ஒரு வடைப் பொட்டலத்தில் எனக்குக் கிடைத்தது. வடை ஊசிப்போயிருந்தது, காகிதம் நன்றாக இருந்தது. ஒற்றியூர் பீப்பாய் கம்பெனி லிமிடெட் என்ற ஒன்றின் ஐந்தொகை.

ஐந்தொகை என்பது இதுதான்: கம்பெனி யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறது என்று இடது பக்கம். தன்னிடம் என்னவெல்லாம் இருக்கிறது என்று வலது பக்கம். அடியில் இரண்டு தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் எழுதிய கதை எதுவும் அப்படி நேராக வந்து முடிந்ததில்லை. பொறாமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "காசிமேட்டுக் கடல் அன்று ஏனோ அமைதியாக..." வேண்டாம். ஐந்தொகையில் கடல் கிடையாது.

இரண்டாம் தொடக்கம்: "அம்புரோஸ் இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளி..." இதையும் அடித்துவிட்டேன். வலது கை இருந்தால் அம்புரோஸுக்குப் பங்கு கிடைக்காது. பங்கு கிடைக்காவிட்டால் கதை கிடையாது. ஆகவே பீப்பாய்க் கம்பெனியின் தகடு அழுத்தும் இயந்திரத்தில் அந்தக் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டேன். வேலைக்கு வேண்டியிருந்தது. [கம்பெனியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னது.]

நஷ்ட ஈட்டுக்குப் பதிலாக நூறு பங்குகள் கொடுத்தார்கள். மானேஜர் மிச்சமிருந்த கையைக் குலுக்கி, "இனிமே நீயும் ஒரு முதலாளிப்பா" என்றார். அம்புரோஸ் நம்பினான். அந்த நூறு பங்கையும் மகள் ஃப்ளோராவுக்குச் சீதனமாகத் தருவதாக, மாப்பிள்ளை இக்னேஷியஸின் தாயார் வியாகுலம்மாளிடம் பேசியும் முடித்துவிட்டான்.

3

வருஷக் கணக்கு தபாலில் வந்தது. கான்வென்டில் படித்த ஃப்ளோரா உரக்க வாசித்தாள்.

"நைனா, கடன் பக்கத்துல மொத வரியே நம்மதான். பங்குக்காரங்க போட்ட பணம்."

"அட்ரா சக்கை! கடன்பட்டு கீறேன்னு அவனே அச்சடிச்சு, ஆடிட்டராண்ட கையெழுத்தும் வாங்கி கீறான். இத்தவிட இன்னா பத்திரம் வோணும்? சரி, என் கை எந்தப் பக்கம் கீதுன்னு பாரு."

ஃப்ளோரா இரண்டு பக்கமும் விரல் ஓட்டினாள். "மிஷினுக்குத் தேய்மானம் எய்தி கீறாங்க. வருஷா வருஷம் தேயுதாம், அதனால வெலையக் கொறைக்கிறாங்களாம். கை இல்ல நைனா."

"நல்லாப் பாரு. பின்னாடி திருப்பிப் பாரு."

பின்னால் இருந்தது லாப நஷ்டக் கணக்கு.*

(*வருஷம் முழுக்க வந்ததும் போனதும் அதில் இருக்கும். என் பொட்டலத்தில் அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய். லாபமா நஷ்டமா என்பது வடைக்காரிக்குத்தான் வெளிச்சம்.)

4

பத்திரம் கையில் இருக்கிற தைரியத்தில் அம்புரோஸ் ஆறுமுகநயினாரின் மளிகை மண்டிக்குப் போனான். திருநெல்வேலிக்காரர். பல்லாண்டு கடன் கொடுத்து, கடன் என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணாடியைத் தேடுகிறவர்.

"கல்யாணச் சாமான் கடனா குடு அண்ணாச்சி. கம்பெனி எனக்குக் கடன்பட்டு கீது. பாரு."

நயினார் பார்த்தார். "கடன்தாம்வே. ஆனா கடைசிக் கடன். மொதல்ல பேங்க்காரன் திம்பான், பெறவு சர்க்கார், பெறவு சரக்கு குடுத்தவன். எல்லாரும் தின்னு கை கழுவுன பெறவு பானையில என்ன ஒட்டியிருக்கோ, அது ஒனக்கு."

"பானை பெருசு அண்ணாச்சி. வலது பக்கம் பாரு."

கட்டடம், இயந்திரம், தகடு என்று இறங்கி வந்த நயினாரின் விரல் கடைசி வரியில் நின்றது. நற்பெயர், அறுபதாயிரம் ரூபாய்.

"இது என்ன எழவு? மத்ததெல்லாம் சேத்தாலும் கடனுக்குக் காணாதே! பேருக்கு வெல போட்டுல்லா ரெண்டு பக்கத்தையும் சமமாக்கியிருக்கான்!"

"நல்ல பேரு இருந்தா நல்லதுதானே?"

நயினார் சாவிக்கொத்தை எடுத்தார். அந்தக் கம்பெனிக் கேன்டீனுக்கு ஆறு மாதமாக அரிசியைக் கடனாகப் போட்டு வந்தவர் அவர்தான். மண்டியைப் பூட்டினார். கைவண்டியோடு திருவொற்றியூர் போய், அரிசி பாக்கிக்கு அகப்பட்ட பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத் தகடு வியாபாரியும் தன் பாக்கிக்கு ஓடினான். அவனைப் பார்த்து பேங்க் ஓடியது. மாதம் முடிவதற்குள் கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது.

[அம்புரோஸ் அந்தத் தாளை மண்டிக்கு எடுத்துப் போகாதபடி ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அதில் கம்பெனி அமோகமாக நடந்தது. அம்புரோஸ் முதலாளியாகவே இருந்து செத்தான். ஆடிட்டர் எழுதியது போலவே இருந்தது. கிழித்துவிட்டேன்.]

5

கடைசிக் கடன்காரன் கடைசியாகப் போனான். மற்றவர்கள் ஆணியைக்கூட விடவில்லை. வாசலில் பெயர்ப்பலகை மட்டும் மிச்சம். அதைக் கைவண்டியில் ஏற்றிப் பனைமரத்தொட்டியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தான் அம்புரோஸ்.

"இன்னா நைனா இது?"

"அறுபதாயிரம் ரூபா. கோணியப் போட்டு மூடு. தண்ணி படப்போவுது."

அன்று சாயங்காலமே வியாகுலம்மாள் வந்துவிட்டாள். தடை இருந்தால் சொல்லச் சொல்லி மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண ஓலையை மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைதான் பாக்கி.

"இன்னா சம்மந்தி, கம்பெனிய இழுத்து மூடிட்டானாமே?"

"மூடினா இன்னா? என் பங்க வூட்டுக்கே இட்டாந்துட்டேன். அறுபதாயிரம்னு ஆடிட்டரே எய்தி கீறாரு. தோ, நிக்குது பாரு."

கோணிக்குள் நின்றதை வியாகுலம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். உயரம் திருப்தியாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

அம்புரோஸ் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு உண்மை. அவன் கணக்குக் கற்றுக்கொண்டுவிட்டான்.

ஃப்ளோரா டீக் குவளையைக் கழுவினாள். கழுவிய குவளையையே மறுபடியும் கழுவினாள்.

6

ஒரு முடிவு: கல்யாணத்தன்று வியாகுலம்மாள் கோணியை இழுக்கிறாள். கூச்சல் போடுவது எனக்கு எழுத வராது.

இன்னொரு முடிவு: இக்னேஷியஸ், "எனக்குப் பங்கெல்லாம் வாணாம், ஃப்ளோரா போதும்" என்கிறான். நற்பெயருக்கு அறுபதாயிரம் எழுதியவனுக்கே இதை எழுதக் கை கூசும்.

ஆகவே மூன்றாவது ஞாயிறு. கோயில் நிறைந்திருக்கிறது. பங்குச் சாமியார் ஓலையை வாசித்து, "தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லக் கடவீர்கள்" என்று நிறுத்துகிறார். சொன்னால் கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டால் அந்தப் பலகையோடு ஃப்ளோரா வியாகுலம்மாள் வீட்டுக்குள் போவாள். அம்புரோஸ் வெறும் சட்டைக் கையை மடித்து மடித்து விடுகிறான். நயினார் இந்தக் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. நான் கதை கட்டுகிறவன். என் சொல் எடுபடாது.

ஐந்தொகையை இரண்டு பக்கமும் படித்துவிட்டுக் கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது நீங்கள்தான். முக்காட்டை விலக்கி ஃப்ளோரா ஒருமுறை உங்கள் பக்கம் திரும்புகிறாள். சொல்லச் சொல்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, தெரியவில்லை.

சாமியார் இன்னும் ஓலையை மடிக்கவில்லை.