பொழுதோடு உண்ணும் பூனை

அடுப்படிக்குள் வந்த பொட்டு, வழியிலிருந்த தவலையில் முட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நாளாகவே அந்தப் பூனை இப்படித்தான் தடுமாறியது. குசுமாவதி அதை அள்ளி மடியில் வைத்தாள். முதுகெலும்பு விரலில் தட்டுப்பட்டது.

காலையில் கால்நடை டாக்டர் ராமகிருஷ்ணன் அதன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்திருந்தார்.

"என்னம்மா போடுறீங்க இதுக்கு?"

"தயிர்சோறுங்க. பாலு."

"குட்டியிலேர்ந்தா?"

"ஆமாங்க. எங்க வூட்ல அதாங்க."

"பசுமாட்டுக்குக் கறி போட்டு வளத்தா என்னாவும்? அந்தக் கதைதாம்மா இது. பச்சைக் கறி குடுங்க. போன பார்வை திரும்புமோ என்னவோ, உசிராவது நிக்கும். இப்படியே வுட்டா ஜாஸ்தி நாள் தாங்காது."

வேங்கிக்காலில் புதிதாக வீடு கட்டிக் குடியேறிய சமணக் குடும்பம் அது; அக்கம்பக்கத்தார் வாயில் 'நைனார் வீடு'. வடிகட்டாத தண்ணீரைக்கூடக் குடிக்க மாட்டார்கள். பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அதற்காகவே குசுமாவதியின் கணவன் ஸ்ரீபால் தாலுகா ஆபீசிலிருந்து சைக்கிளை வேகமாக மிதித்து வருவான். பொட்டுவும் அப்படியே பழகிப்போயிருந்தது. விளக்கு வைத்தபின் பாலை வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். "எங்க பூனையும் விரதம் காக்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் ஸ்ரீபால் பெருமையடித்துக்கொள்வான்.

அன்று அவன் வந்ததும் குசுமாவதி தோட்டத்தில் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

"கறியா? அது இந்த வாசப்படி தாண்டக் கூடாது குசுமா."

"செத்துப்போயிடும்ங்க."

"கொல்லவும் கூடாது, கொல்லச் சொல்லவும் கூடாது. விரதம் எடுத்தவதான நீ?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அடுத்த வீட்டுப் பச்சையம்மாள் குறுக்கிட்டாள். கழனி வேலைக்குப் போகிறவள். வாய் சும்மா இருக்காது.

"எங்கிட்ட குடுங்க நைனாரம்மா. கறிக்கடையில நாய்க்குன்னு கழிச்சுப் போடுற துண்டு கெடக்குது. உங்க பூனைக்கோசரம் எவனும் ஆடு வெட்டப் போறதில்ல. பூனையைச் சாமியாராக்குன ஊரு இதுதான்!"

ஸ்ரீபால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பச்சையம்மாள் பொட்டுவைத் தூக்கிப்போனாள். தயிர்சோறு கொடுத்தால் கறியைத் தொடாது, பசி எடுக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அன்றும் மறுநாளும் பொட்டு ஒன்றும் தின்னவில்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் குசுமாவதி போய்ப் பார்த்தபோது, கோணிமேல் கிடந்த பூனை அவள் குரலுக்குக் காதை மட்டும் அசைத்தது. தலை எழவில்லை.

"மொகந்து பாத்துட்டுத் திரும்பிக்குதும்மா. காலையில பாத்தா எறும்பு மொய்க்குது" என்றாள் பச்சையம்மாள். இப்போது அவள் குரலில் கேலி இல்லை.

"எப்ப வெக்கற?"

"எங்க வூட்டுக்காரரு கறியோட வந்தப்புறந்தான். ராந்தல் ஏத்தி வெச்சு..."

"ராந்தலா!" குசுமாவதி சட்டென்று நிமிர்ந்தாள். "பொழுது போனப்புறம் அது வாய் வெக்காது பச்சையம்மா. நாங்க பழக்குன பழக்கம்."

இரண்டு பேரும் மேற்கே மலைப்பக்கம் பார்த்தார்கள். சூரியன் மலைத்தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கறிக்கடைக்கு ஓடினாள். குசுமாவதி பூனையின் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். துடிப்பு விட்டுவிட்டு வந்தது. தன் வீட்டில் ஸ்ரீபாலின் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போய்ச் சோறு போடவேண்டிய நேரம். அவள் எழவில்லை.

பச்சையம்மாள் மூச்சிரைக்க வந்து, இலையைப் பிரித்து, ஒரு துண்டை நீட்டினாள். பொட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"என் கை அதுக்குத் தெரியல. நீங்கதான் குடுக்கணும்மா."

குசுமாவதி அந்தச் சிவந்த துண்டைப் பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. விரதம் எடுத்தவள் நான். இந்த வாயில்லா ஜீவன் எப்போது எடுத்தது? அதைக் கேட்காமலே அல்லவா அதன் தலையில் கட்டினோம்? அருகனை நினைத்து நமோகார மந்திரத்தை முணுமுணுத்தபடி கறியை எடுத்தாள். வெயில் வேலி உச்சிக்கு ஏறிவிட்டது.

"பொட்டு... என் கண்ணு... சாப்புடும்மா."

அந்தக் கையை முகர்ந்தது பூனை. நாக்கு ஒருமுறை விரலைத் தொட்டது. இன்னொருமுறை தொட்டது. பிறகு துண்டைக் கவ்வி, தலையைச் சாய்த்து மென்றது. பச்சையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இலையில் இருந்தது தீரும்வரை குசுமாவதி ஊட்டினாள். கடைசித் துண்டை அது மென்று முடிக்கும்போது சூரியன் மறைந்துவிட்டது.

கையை ஏந்தியபடியே அவள் தன் வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஸ்ரீபால் செம்போடு நின்றுகொண்டிருந்தான். வேலியோரம் நின்று பார்த்திருக்கிறான் என்று அவன் முகமே சொன்னது.

"கறி தொட்ட கைங்க..."

"நீட்டு."

அவன் தண்ணீர் ஊற்றினான். அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"நீங்க சாப்டீங்களா?"

"நீ வரலியே. பொழுதுதான் போயிடுச்சே, இனிமே என்ன" என்றான். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் அவள் கையில் ஊற்றிவிட்டு, வேலிப்பக்கம் பார்த்தபடி சொன்னான்:

"நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே குடுத்துடு. பாவம், அதுக்கும் அவசரம் இல்லாம இருக்கும்."